கிலோ சேர்

மட்டக்களப்புப் பக்கத்தில் கோயிலுக்கொரு வண்ணக்கர் இருப்பதுபோல கடைத்தெருவுக்கொரு கிலோ சேரும் உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கல்லடியிலும் இருப்பார், களுவாஞ்சிகுடியிலும் இருப்பார். காத்தான்குடியில் எண்ணெய் மலிவென்று காதில் விழுந்தால் சைக்கிளை மிதித்து அங்கேயும் வந்து நிற்பார்.

கையில் பேப்பரில் சுற்றிய வெறும் சாராயப் போத்தல். மனுசன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் நம் நாட்டில் தேங்காயெண்ணெய்க்கு அளவே அந்த 750 மில்லிலீற்றர் போத்தல்தானே! முதலாளி புனலை எடுக்குமுன், "வெறும் போத்தல முதல்ல நிறுகா" என்பார். முதலாளி அவரிடம் கணக்குப் படித்தவர், மறுக்க முடியாது. எண்ணெய் ஊற்றியபின் திரும்பவும் நிறுக்க வேண்டும். வித்தியாசம் 690 கிராம் வந்தால் முகம் மலரும். வராவிட்டால் புனலின் நுனியில் தொங்கும் கடைசிச் சொட்டு விழும்வரை ஆள் நகராது. பின்னால் பாண் வாங்க வந்த பொடியன் கால்மாற்றிக் கால்மாற்றி நிற்பான். அவனுக்கும் ஒரு பாடம் உண்டு: "இறாத்தலெண்டா 453.6 கிராம். பாண் 450. மிச்சம் 3.6 கிராம் எங்க போச்சு மனே?"

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே எண்ணெயும் அப்படித்தான் என்று பாதி ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. "மீனாணத்துல எண்ணெய் மேல மிதக்கிறதக் காணல்லையா? பாரம் குறைஞ்சதாலதான மிதக்குது" என்று அவர் கேட்டால் யார் பதில் சொல்வது? ஒரு லீற்றர் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம். கிலோவாக வாங்கினால் லீற்றருக்கு மேல் 87 மில்லிலீற்றர் கூட வரும். நல்லெண்ணெய்க்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு. வெயிலில் எண்ணெய் விரியும், விடியற்காலையில் வாங்குங்கள் என்பது அவருடைய இன்னொரு உபதேசம். உண்மைதான், பத்துப் பாகை சூடேறினால் லீற்றருக்கு ஏழு மில்லிலீற்றர் விரியும். அந்த ஏழு மில்லிக்காகக் காலைத் தேத்தண்ணியையும் விட்டுவிட்டு, திறக்காத கடை வாசலில் நிற்பவரை என்ன செய்வது?

அவர் பருப்பு வேகாத இடம் ஒன்றுண்டு: கோயில் அன்னதானச் சமையல். பட்டியலில் 15 கிலோ எண்ணெய் என்றிருக்கும். கடையில் போத்தல் கணக்கு. சேர் சீனிப்பையின் முதுகில் பெருக்கி வகுத்து, "21 போத்தலும் முக்காலும்" என்று அறிவிப்பார்.

"22 எண்டு சொல்லுங்க சேர்" என்பார் சமையற்காரர்.

"கணக்கு கணக்குத்தான்கா!"

சமையற்காரர் மறுகா வாய் திறக்கமாட்டார். தாச்சியில் கண்மதிப்பாக ஊற்றுவார். வடை மூழ்கியதும் நிறுத்துவார். வடை குடித்த எண்ணெய் எத்தனை கிராம் என்று சேர் கேட்டால், சூட்டோடு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்து, "நிறுத்துப் பாருங்க" என்பார்.

சிரிப்பு ஒருபக்கம் இருக்க, விலை விசயத்தில் மனுசன் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். ஒரு கடையில் லீற்றர், அடுத்ததில் கிலோ, மூன்றாவதில் போத்தல் என்று எழுதிவைத்தால் எது மலிவென்று எப்படித் தெரியும்? போத்தல் விலையை 0.69ஆல் வகுங்கள், லீற்றர் விலையை 0.92ஆல் வகுங்கள். இரண்டுமே கிலோ விலையாகிவிடும். ஏனென்று அறிய ஆசையிருந்தால் சேரிடமே கேட்கலாம். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.