தந்தி கூடினால் நாதம் கூடுமா?

கேள்வி: கைப்பேசியில் ஒரு கிதாரைக் கண்டேன். வழக்கமான ஆறு தந்திகளுக்கு அப்பால், கழுத்துக்கு வெளியே, அடியில் மெட்டுகளே இல்லாமல் நான்கு தந்திகள் அந்தரத்தில் நிற்கின்றன. விரல் வைத்து அழுத்த முடியாத தந்தியால் என்ன பிரயோஜனம்? வெறும் அலங்காரமா?
– கல்லூரி மாணவர், வேலப்பன்சாவடி

பதில்: அலங்காரத்துக்காக எந்த வாத்தியக்காரரும் இருபத்தைந்து கிலோ இழுவையைக் கூடுதலாகத் தம் வாத்தியத்தின் மேல் ஏற்றிக்கொள்ள மாட்டார். தாங்கள் கண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னா நகரில் செழித்த பத்துத் தந்திக் கிதாரின் வம்சத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஆறு தந்திக் கிதாரின் அடித் தந்தி நம் ஹார்மோனியக் கணக்கில் 3 கட்டையில் நிற்கிறது; அதற்குக் கீழே 2, 1, அடுத்த ஸ்தாயிக்கு இறங்கி 7, 6 என்று படிப்படியாக நான்கு தந்திகளைக் கட்டி, அவற்றை இடக்கையின் ஆட்சியிலிருந்து விடுவித்து, வலக்கைக் கட்டைவிரலுக்கு மட்டுமே உரிமையாக்கிவிட்டார்கள் அந்நகரத்தார். பியானோவின் கம்பீரமான கீழ் ஸ்தாயி ஐரோப்பியச் செவிகளைப் பழக்கிவிட்டிருந்த அந்த நாளில், யோஹான் காஸ்பர் மெர்ட்ஸ் என்ற மேதை, பியானோ வித்வாம்ஸினியான தம் மனைவி ஜோசபீனின் வாசிப்பை வீட்டிலேயே கேட்டுக் கேட்டு, அதே ஆழத்தைத் தம் கிதாரிலும் எழுப்ப ஆசைப்பட்டதில் வியப்பென்ன! பாரிஸில் நெப்போலியன் கோஸ்த், லாக்கோத் என்ற வாத்திய சிற்பியைக் கொண்டு ஏழாவது தந்தி ஒன்றை வெளிப்புறம் நிறுத்திக்கொண்டார். 1856-ல் ருஷ்யக் கனவான் நிக்கோலாய் மகாரோவ் பிரஸ்ஸல்ஸில் நடத்திய போட்டியில் இயற்றுவோருக்கான முதற்பரிசு மெர்ட்ஸுக்கும் இரண்டாம் பரிசு கோஸ்துக்கும் கிடைத்தன. கிதார் செய்வோருக்கான முதற்பரிசை வியன்னாவின் ஷெர்ட்ஸர் பெற்றார். பரிசுச் செய்தி வருவதற்குள் மெர்ட்ஸ் காலமாகிவிட்டார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கேள்வி: இவ்வளவு ஆழமான மந்தர நாதம் நம் வாத்தியங்களில் உண்டா?
– வீணை பயிலும் மாணவி, பூந்தமல்லி

பதில்: தங்கள் மடியிலேயே இருக்கிறது, அம்மா! 3 கட்டைக்குச் சுருதி சேர்த்த வீணையில் மந்தரத் தந்தி, கிதாரின் ஆறாம் தந்தி ஒலிக்கும் அதே ஸ்தானத்தில் நிற்கிறது. அனுமந்தரமோ அதற்கும் கீழே 7 கட்டையில், விநாடிக்கு ஏறக்குறைய 62 அதிர்வுகளுடன், மெர்ட்ஸின் ஒன்பதாம் தந்தியோடு தோளோடு தோள் உரசி ஒலிக்கிறது. வியன்னாக்காரர்கள் கூடுதல் தந்தி கட்டித்தான் எட்டிய இடத்தை, 24 மெட்டுகளும் முழுதாக வாசிப்புக்கு இடம் கொடுக்கும் நிலையில், நம் வீணை வாசிப்போர் அன்றாடம் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வீணையிலும் வெளிப்புறம் நிற்கும் தந்திகள் உண்டு: பக்க சாரணி, பக்க பஞ்சமம், ஹெச்சு சாரணி. மெட்டைத் தொடாமல் சுண்டுவிரலால் மீட்டப்படுவதில் அவை அந்த வியன்னாத் தந்திகளுக்கு உறவுதான். ஆனால் குணம் வேறு. நம் சங்கீதத்தில் ஆதார ஷட்ஜம் ராகம் மாறினாலும் மாறாதாகையால், இந்தத் தாளத் தந்திகள் ஸ-ப என்ற இரண்டு ஸ்வரங்களிலேயே நிலைத்து, கச்சேரி முழுவதும் ஒலித்துக்கொண்டே இருந்தாலும் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. மேனாட்டு இசையிலோ ஆதாரம் கணந்தோறும் நகர்வதால், ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு தனித் தந்தி வேண்டியிருக்கிறது. ஒலித்த தந்தியை உடனே அடக்கவும் வேண்டியிருக்கிறது. கீழ் ஸ்தாயியின் ஏக்கம் நம்மவர்களையும் விட்டதில்லை: மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்திகளை இரட்டை இரட்டையாகக் கட்டும் மேனாட்டு வழக்கத்தைக் கைவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகளைக் கட்டிக்கொண்டுதான் அந்தச் சின்னஞ்சிறு வாத்தியத்தில் நம் கமகங்களைக் குழைத்து வாசித்தார்.

கேள்வி: ஆறாம் தந்தியைத் தளர்த்தினாலே கீழ் ஸ்வரம் வந்துவிடுகிறதே. தனியாகக் கனத்த தந்தி எதற்கு?
– லேத் பட்டறைக்காரர், அம்பத்தூர் தொழிற்பேட்டை

பதில்: இரும்போடு பழகும் தங்களுக்குக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். தந்தியின் நீளமும் கனமும் மாறாதிருக்க, அதிர்வு எண்ணை இறக்கினால் இழுவை அதன் வர்க்கத்தில் இறங்கும். 3 கட்டைத் தந்தியை 2 கட்டைக்கு இறக்கினால் இழுவையில் நூற்றுக்கு எண்பது பங்கு மிஞ்சும், வாசிக்கலாம். 1 கட்டைக்கு இறக்கினால் அறுபத்துமூன்று. கீழ் 6 கட்டைக்கு இறக்கினால் நாற்பத்துநான்கு. தந்தி துணி காயப் போட்ட கொடியைப் போல் துவண்டு, நாதத்துக்குப் பதில் சடசடப்பைத்தான் தரும். இழுவை குறையாமல் அந்த 6 கட்டையை அடைய இரண்டே வழிகள்: தந்தியின் நீளத்தை ஒன்றரை மடங்காக்குவது, அல்லது அதே நீளத்தில் இரண்டேகால் மடங்கு கனத்தைச் சேர்ப்பது. இத்தாலியர்கள் முதல் வழியில் சென்று, தியார்போ என்ற ஆளுயர வாத்தியத்தைப் படைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தந்தியின் மேல் உலோகக் கம்பியைச் சுற்றும் வித்தை வந்த பிறகே இரண்டாம் வழி திறந்தது. பத்துத் தந்திக் கிதாரைக் கைக்கடக்கமாகச் செய்ய முடிந்ததற்கு அந்தச் சுற்றுக் கம்பியே காரணம்.

கேள்வி: பெரம்பூரில் இருந்த எங்கள் பெரிய தாத்தாவின் பழைய கிதார் ஒன்று கிடைத்திருக்கிறது. மெல்லிய பலகை, வெளிப்புறம் மூன்று தந்திகளுக்கான பிரடைகள் உள்ளன. கடையில் எஃகுத் தந்தி வாங்கி மாட்டலாமா?
– குடும்பத் தலைவி, திருவேற்காடு

பதில்: வேண்டாம், வேண்டாம்! பெரிய தாத்தாவின் நினைவாக வந்த அந்த வாத்தியத்துக்கு ஒரே நாளில் உயிர்போகும் ஆபத்து அது. அக்காலத்துக் கிதார்களில் பெரும்பாலானவை, மேல் தந்திகளுக்கு ஆட்டு நரம்பும், கீழ்த் தந்திகளுக்குப் பட்டு நூலின் மேல் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி சுற்றிய தந்தியும் கட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. (காஞ்சிபுரம் போகும் சாலையருகே வசிக்கும் நமக்கு, பட்டுக்குச் சேலையைத் தவிர இப்படியும் ஒரு கௌரவம் இருந்தது என்பதில் சந்தோஷந்தானே!) ஆறு நைலான் தந்திகளின் மொத்த இழுவை சுமார் 40 கிலோ; எஃகுத் தந்திகளுக்கோ 70 கிலோவுக்கும் மேல். வெளித் தந்தி ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஐந்து ஆறு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மில்லிமீட்டர் கனங்கூட இல்லாத ஒரு பலகை இதை எப்படித் தாங்கும்?

முதலில் தந்தி எதுவும் கட்டாமல் வாத்தியத்தை ஜன்னலோரம் வைத்து, ஒரு மெல்லிய தாளைக் குதிரையின் பின்விளிம்புக்கு அடியில் மெதுவாகச் செலுத்திப் பாருங்கள். தாள் நுழையாமல் விளிம்பிலேயே மடங்கினால் நல்லது. நகத்தளவு உள்ளே போனாலும் வஜ்ஜிரம் விட்டுவிட்டது என்று பொருள். பிறகு கையடக்கக் கண்ணாடியை ஒலித்துளை வழியே உள்ளே விட்டு, கைவிளக்கின் ஒளியில் அடிச்சட்டங்கள் பலகையை விட்டு எழும்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். இவ்விரண்டில் எது கண்டாலும் வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். பழைய வஜ்ஜிரம் வெந்நீருக்கும் சூட்டுக்கும் இளகுவதாகையால், மேலே செயற்கைப் பசையை வார்க்காமல், அதே வஜ்ஜிரத்தாலேயே ஒட்டச் சொல்லுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சித்திரை வெயிலில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் கிதாரை விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள். அந்த வெக்கையில் குதிரை தானாகவே நகர்ந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால், இழுவை குறைந்த நைலான் தந்திகளையே கட்டுங்கள். ஆட்டு நரம்பு இன்றும் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அது ஒருநாளும் சுருதியில் நிற்காது என்பதால் அதைத் தங்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். 1940-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின், கிதார் மேதை செகோவியாவுக்காக நைலான் தந்தி செய்து கொடுத்ததே, யுத்த காலத்தில் நரம்புத் தந்தி அருகிப்போனதால்தான். முதல் வாரம் உரிய சுருதிக்கு இரண்டு கட்டை குறைவாகவே நிறுத்திவைத்துப் பலகை பழகியபின், நாளுக்கு அரைக் கட்டையாக ஏற்றுங்கள். நடுவில் உள்ள தந்திகளை முதலிலும் ஓரத்துத் தந்திகளைப் பின்னும் ஏற்றினால் கழுத்து கோணாது.

கேள்வி: ஏழு தந்திக் கிதார் ஒன்று வாங்கி வாசிக்கிறேன். எல்லா ஸ்வரமும் ஒன்றோடொன்று கலந்து குழம்பாகிவிடுகிறதே!
– கனரக வாகனத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், ஆவடி

பதில்: தந்தியை மீட்டக் கற்றதுபோல் அடக்கவும் கற்க வேண்டும், இந்த வாத்தியத்தில் பாதி வித்தை அதுதான். கட்டைவிரலால் ஏழாம் தந்தியை மீட்டியதும் விரலைக் காற்றில் தூக்காமல், அடுத்துள்ள ஆறாம் தந்தியின் மேல் சாய்த்து ஓய்வு கொடுங்கள். ஆறிலிருந்து ஏழுக்கு இறங்கும் சஞ்சாரத்தில், ஒலித்துக்கொண்டிருந்த ஆறாம் தந்தி அந்தச் சாய்விலேயே தானாக அடங்கிவிடும். ஏறும்போதுதான் சங்கடம்: ஏழை மீட்டி ஆறுக்கு வந்தபின் ஏழு ஒலித்துக்கொண்டே இருக்கும், அப்போது ஆறை மீட்டிய அடுத்த கணம் கட்டைவிரலின் முதுகை ஏழின் மேல் லேசாகச் சாய்த்து அடக்க வேண்டும். இந்த ஏற்றத்தை மட்டும் விளம்ப காலத்தில் தினமும் காலையில் சாதகம் செய்யுங்கள். இந்த ஒரு வெளித் தந்தியை அடக்கத் தெரிந்தவருக்கு நான்கும் வசப்படும்.

கேள்வி: அடக்காமலே ஒலிக்கவிடும் கிதார் உண்டா?
– மாணவி, திருமழிசை

பதில்: உண்டு. 1964-ல் ஸ்பெயின் தேசத்து நார்சிஸோ யெப்பஸ், ராமிரெஸ் என்ற சிற்பியைக் கொண்டு செய்வித்த பத்துத் தந்திக் கிதாரில், கூடுதல் தந்திகள் நான்கும் 1, 6½, 5½, 4½ கட்டைகளுக்குச் சேர்க்கப்பட்டன. வாசிக்கும் ஸ்வரம் எதுவானாலும் அவற்றில் ஏதாவதொன்று அனுநாதமாகக் கூட ஒலிக்கும் என்பதே அதன் தாத்பரியம். கோட்டுவாத்தியம் என்று நாம் வழங்கிய சித்திரவீணையில், வாசிப்புத் தந்திகளுக்கு அடியில் பன்னிரண்டு அனுநாதத் தந்திகள் செய்யும் கைங்கரியமும் இதுவேதான். கோட்டுவாத்திய வித்வான் நாராயண ஐயங்காரின் இசைத்தட்டு ஒன்று கிடைத்தால், ஒரு பிரயோகம் முடிந்தபின் வரும் மௌனத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

கேள்வி: தந்தியைக் கூட்டிக்கொண்டே போனதற்கு நம் தேசத்தில் ஞாபகச் சின்னம் ஏதேனும் உண்டா?
– லாரி ஓட்டுநர், நசரத்பேட்டை

பதில்: தங்கள் வண்டி அன்றாடம் போகும் சாலையின் மறுகோடியிலேயே இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசை ரசிகருக்கும் கேட்க வேண்டும் என்று வயலினில் ஏழு தந்திகள் கட்டிய மைசூர் சௌடய்யாவின் பெயரால், வயலின் வடிவத்திலேயே பெங்களூரில் ஒரு சபா மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். சரக்கை இறக்கியபின் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் சாதாரண ஆறு தந்திக் கிதார்தான் இருக்கிறது. அதிலேயே இந்த ருசியைச் சற்று அனுபவிக்க வழியுண்டா?
– பள்ளி மாணவன், மதுரவாயல்

பதில்: பேஷாக உண்டு, தம்பி. ஆறாம் தந்தியை 3 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு இறக்கிக்கொள். நான்காம் தந்தியும் 2 கட்டையில்தான் நிற்கிறது. இரண்டையும் சேர்த்து மீட்டி, ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒன்றையொன்று அணைத்து ஒலிக்கும்வரை பிரடையைத் திருத்திக்கொள். பிறகு ஒரு வாரத்துக்கு அந்த ஆறாம் தந்தியில் இடக்கை விரலையே வைக்காதே. கட்டைவிரலால் மட்டும் மீட்டி, மற்ற ஐந்து தந்திகளில் உனக்குத் தெரிந்த பாட்டை வாசி. அது பிடித்துப்போனால் எனக்கு மறுபடி எழுது. ஏழாவது தந்தியைப் பற்றிப் பேசுவோம்.