மாட வீதி வாடகை விசாரம்

திருமயிலையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களின் எண்ணிக்கை கணக்கில் அடங்காதிருக்க, அவர்களுள் ஒருவரேனும் அந்த அனுபவத்தை ஒரு சாஸ்திரமாக எழுதி வைக்காமல் போனது, அலைந்த களைப்பினாலா, அல்லது அகப்பட்ட வீட்டுக்கு வாடகை கொடுத்து முடிப்பதிலேயே ஆயுள் கழிந்துவிட்டதனாலா என்பது தனியே ஆராயத்தக்க விஷயம். மேற்படி குறையை ஓரளவாவது நிவர்த்தி செய்யும் பொருட்டும், அவ்வூரின் மாட வீதிகளுக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருந்துகொண்டு, ஆண்டுதோறும் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின்போது பிறர் வீட்டுத் திண்ணைகளை ஏக்கத்துடன் பார்த்து நிற்பவன் என்ற தகுதியைக் கொண்டும், இவ்வாராய்ச்சியில் இறங்கத் துணிந்தேன்.

முதலில் காலத்தை நிர்ணயம் செய்துகொள்ள வேண்டும். வசந்த விழா என்று நாம் சொல்லும் இந்த உற்சவம் நடப்பது பங்குனியில். பெரும்பொழுது வகுத்த நம் முன்னோரோ மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலத்தில் சேர்த்து, இளவேனிலைச் சித்திரைக்குத் தள்ளிவிட்டார்கள். பங்குனி மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு, தெற்கு மாட வீதித் தாரில் செருப்பைத் தவறவிட்டுவிட்டு நின்றவன் எவனும் அப்பொழுது பனிக்காலம் என்று ஒப்பமாட்டான். அவனுக்குத் தண்ணீர்ப் பந்தல்களில் இலவசமாக நீட்டப்படும் நீர்மோரே அது வேனில் என்பதற்குப் போதிய சாட்சி. வேம்பு பூத்துவிட்டது, மாமரம் பிஞ்சு விட்டுவிட்டது, ஆகவே இலக்கண நூலார் மன்னிப்பார்களாக, சென்னைக்கு வசந்தம் என்பது பங்குனிதான். அதுவும் மூன்று வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை.

இனி, வாடகை. ஒரு வீட்டின் வாடகை அதன் சுவர்களாலும், அறைகளாலும், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தாலும் தீர்மானிக்கப்படுகிறது என்பது பாமரர் கொள்கை. பிற பேட்டைகளுக்கு அது பொருந்தலாம். மயிலையில் வாடகையை நிர்ணயிப்பது, அந்த வீட்டின் எந்தச் சாளரத்திலிருந்து எந்த நாளில் எந்த வாகனம் எவ்வளவு தெரியும் என்பதே. தர்க்க நூலார் பிரத்தியட்சம், அனுமானம் முதலாகப் பிரமாணங்கள் சிலவற்றை வகுத்திருக்கிறார்கள். வீடு தேடுபவனுக்கோ அவற்றுள் ஆப்த வாக்கியம் ஒன்றுதான் கைகொடுக்கும். இங்கே ஆப்தர் என்பவர் புரோக்கர். எனக்கு ஒரு வீட்டைக் காட்டியவர் கதவைத் திறக்கவே இல்லை. நேரே மாடிப்படி ஏறி, பால்கனியின் கோடிக்கு என்னை அழைத்துச் சென்று, கழுத்தை இடப்புறம் ஒடித்துக் காட்டினார்.

"இப்படி நின்னீங்கன்னா சார், ரிஷப வாகனம் திரும்பற இடம் அப்படியே தெரியும். கொம்பு ரெண்டும் பார்க்கலாம்."

"சமையலறை எப்படி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இருக்கு சார்," என்றார், சற்று மனம் நொந்தவராக.

ஐந்தாம் நாள் இரவில் ஒரு காளையின் இரு கொம்புகளைக் காண்பதற்காக, முந்நூற்று அறுபத்து நான்கு நாள் இருட்டுச் சமையலறையில் புழங்குவது பொருளாதாரத்துக்கு ஒத்ததா என்று நவீனர் வினவலாம். மாட வீதியின் வீட்டுக்கும் அதற்கு மூன்று தெரு பின்னால் உள்ள வீட்டுக்கும் மாதம் ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம் என்று வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஆகிறது. விழா பத்து நாள். அதிலும் மூன்றாம் நாள் விடியலில் வரும் அதிகார நந்தியும், ஐந்தாம் நாள் ரிஷபமும், ஏழாம் நாள் தேரும், எட்டாம் நாள் அறுபத்து மூவரும்தான் உறவினரை வரவழைக்கும் ஆற்றல் பெற்றவை. ஆக, ஒரு தரிசனத்துக்குப் பதினையாயிரம் ரூபாய். இதை என் மனையாளிடம் விளக்கியபோது, "அப்போ பத்தாம் நாள் கல்யாணம்?" என்று கேட்டாள். கல்யாணம் கோயிலுக்குள் நடப்பதனால் வாடகைக் கணக்கில் சேராது என்றேன். புண்ணியக் கணக்கில் சேருமே என்றாள். அந்த வகுத்தலை அன்று முடிக்க இயலவில்லை.

சாளரத்தின் உயரம் பற்றிய விசாரணை இவ்வாராய்ச்சியின் மிக நுட்பமான பகுதி. அறுபத்து மூவரின் பல்லக்குகள் மனிதர் தோளில் வருவன. அவர்களை முகத்துக்கு முகம் நோக்கத் தக்க இடம், மூன்றடி உயரத்துப் பழைய திண்ணை ஒன்றே. வாகனத்தில் எழுந்தருளும் கபாலீசுவரரைக் காண முதல் மாடி உத்தமம். தேருக்கு மொட்டை மாடி. சுவாமி வீதி வலம் வருகையில் அவருக்கு மேலே நின்று கீழ்நோக்குவது அபசாரம் என்று என் பாட்டி சொல்லுவாள். ஆகவே நான்காம் மாடியில் குடியிருப்பவர் கூடுதலாகக் கொடுக்கும் வாடகை, பாவத்துக்குக் கொடுக்கும் வாடகையே ஆகும். பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பிய நம் காலத்துச் சிற்பிகளோ, கட்டடத்தைத் தூண்களின்மேல் தூக்கி நிறுத்தி, தரைமட்டத்தைக் கார்களுக்கு விட்டுவிட்டார்கள். முன்பு திண்ணை இருந்த உயரத்தில் இப்போது காரின் முன்கண்ணாடி இருக்கிறது. இதிலிருந்து பெறப்படும் முடிவு எனக்கே வியப்பளித்தது. இன்றைய மயிலையில் அறுபத்து மூன்று நாயன்மாரையும் சரியான உயரத்திலிருந்து, கூட்ட நெரிசலின்றி, நிழலில் நின்று தரிசிப்பவை கார்களே. அன்று தெருக்களை அடைத்துவிடுவதனால் அவை வேறெங்கும் போகவும் முடியாது.

கால அளவையிலோ இதைவிடப் பெரிய ரகசியம் ஒன்று ஒளிந்திருக்கிறது; அதை முதன்முதலில் கண்டுபிடித்தவன் என்ற பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு எழுதப்படுவது யாவரும் அறிந்ததே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் விதித்ததனால், அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே நின்றுகொள்ளும் சாதுரியம் பிறந்தது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம் எதுவாயினும் எழுத்தில் இருக்க வேண்டும், பதியவும் வேண்டும் என்று சொல்லியும், பதினொன்று என்ற எண் நம் மனத்தை விட்டு அகலவில்லை. அதே சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும், இருதரப்பாரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய என்றும் கூறுகிறது; அந்த 'ஒழிய' என்னும் சிறு சந்து வழியாகப் பத்து மாத அட்வான்ஸ் யானைபோல் நுழைந்து போவதைக் காணலாம்.

நிற்க. பங்குனியில் புது வீடு புக நம்மவர் துணிவதில்லை. பஞ்சாங்கத்தின்படி வாஸ்து புருஷன் ஆண்டில் எட்டு மாதங்களில்தான் கண் விழிக்கிறான். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கிலும் முழு உறக்கம். தெருவில் நாகசுரமும் தவிலும் முழங்கி, மயிலை முழுவதும் விழித்துக் கிடக்கும் மாதத்தில், வீடுகளுக்கு உரிய அந்த ஒருவன் மாத்திரம் தூங்குகிறான் என்பது அவனுடைய சுபாவத்தைக் காட்டுகிறது. ஆகவே பங்குனியில் வீட்டைப் பார்த்து மயங்கியவன், சித்திரை பிறக்கட்டும் என்று காத்திருந்து, முதல் தேதி பால் காய்ச்சிக் குடியேறுகிறான். சித்திரையிலிருந்து பதினொரு மாதத்தை விரல்விட்டு எண்ணுங்கள். மாசியோடு முடிந்துபோகிறது! எந்த மாதத்துக்காக அவன் அந்த வீட்டை எடுத்தானோ, அந்த மாதம் ஒப்பந்தத்தில் இல்லை. கொடியேற்றத்துக்குச் சில நாள் முன்னதாக வீட்டுக்காரர் வந்து, புதுப்பிக்கும் பேச்சை எடுக்கிறார். அப்பொழுது கோயமுத்தூரிலிருந்து மாமியாரும், திருச்சியிலிருந்து சித்தப்பா குடும்பமும் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பேரம் பேசும் நிலையில் எந்த மனிதனும் இல்லை. சட்டம் இயற்றியோரும் பஞ்சாங்கம் கணித்தோரும் வெவ்வேறு நூற்றாண்டுகளில் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் அறியாமலே, மயிலை வீட்டுக்காரர்களின் நலனுக்காக இவ்வளவு பொருத்தமாகச் செயல்பட்டிருக்கிறார்கள்.

விழாவுக்கும் குடியிருப்புக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. சிவநேசர் என்னும் மயிலை வணிகரின் மகள் பூம்பாவை அரவு தீண்டி இறந்தபின், அவளுடைய எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தின்முன் நின்று ஞானசம்பந்தர் பாடியதைப் பெரிய புராணம் கூறுகிறது. உடலைக் காலி செய்து போய்விட்ட ஒருத்தியைத் திரும்ப அழைப்பதற்கு அவர் கையாண்ட வாதம் என்ன? தகப்பனாரின் செல்வத்தையோ மாளிகையின் விசாலத்தையோ அவர் எடுத்துக் கூறவில்லை. ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று ஊரின் விழாக்களை வரிசையாகச் சொல்லி, இவற்றைக் காணாமலா போவாய் என்றுதான் கேட்டார். அவளும் எழுந்து வந்தாள். மயிலையின் மனை வியாபாரத்துக்கு இதைக் காட்டிலும் பழைய, இதைக் காட்டிலும் பலித்த விளம்பரம் வேறு இல்லை. அப்பாடல் பெற்ற பழைய கோயில் கடலோரத்தில் இருந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்துபோக, பின்னர் இன்றைய இடத்தில் புதிதாக எழுந்தது என்பர். அந்த வகையில் கபாலீசுவரரும் இடம் பெயர்ந்து குடியேறியவரே. மாட வீதிவாசிகள் தம்மைப் பூர்வகுடிகள் என்று சொல்லிக்கொள்ளும்போது இதையும் சற்று நினைவில் வைக்கலாம்.

அறுபத்து மூவர் வீதி வலம் வரும் எட்டாம் நாள் பிற்பகலில் எனக்கு ஒரு விபரீத யோசனை தோன்றியது. நமக்கு முன்னால் பல்லக்கில் செல்லும் இந்தப் பெரியவர்கள், இதே தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் கிடைக்குமா? கண்ணப்பரை எடுத்துக்கொள்வோம். வேடர்; இறைச்சியைத் தாமே சுவை பார்த்துப் படைத்தவர். 'சைவம் மட்டும்' என்ற பலகையைத் தாண்டி அவர் உள்ளே வர இயலாது; சைவத்தில் அவரினும் மிக்கார் இல்லை என்பது அங்கே எடுபடாது. மூர்க்க நாயனார் சூதாடி வென்ற பொருளால் அடியாருக்கு அமுதளித்தவர். சம்பளச் சீட்டு காட்டச் சொன்னால் என்ன செய்வார்? குங்கிலியக் கலயர், நெல் வாங்கத் தந்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிப் புகை போட்டவர். வரவுசெலவும் சரியில்லை, சுவரும் கறுக்கும். காரைக்கால் அம்மையாரிடம், "தனியாவா இருப்பீங்க? வீட்டுக்காரர் எங்கே வேலையா இருக்கார்?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். நந்தனார் என்னும் திருநாளைப்போவாரிடம் எதுவும் நேராகக் கேட்கமாட்டார்கள். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று சுற்றி வளைத்து விசாரித்துவிட்டு, நேற்றுத்தான் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார் என்பார்கள். பிறகு அதே வீட்டு வாசலில் நீர்மோர்ப் பந்தல் போட்டு, அதே நந்தனாரின் பல்லக்கு வரும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. இளையான்குடி மாறனார், மழை பெய்த நள்ளிரவில் வந்த அடியாருக்குச் சோறாக்க விறகு அகப்படாமல், குடியிருந்த வீட்டின் கூரைக் கட்டைகளையே அறுத்து அடுப்பில் வைத்தார். சொந்த வீடானதால் அது பக்தி. பத்து மாத அட்வான்ஸ் என்னும் வழக்கத்தின் மூல காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் அனுமானிக்கிறேன்.

இவர்களுள் மயிலை மண்ணில் தோன்றியவர் ஒருவரே. அவர் வாயிலார். கல்லும் மரமும் தேடாமல், பிரிபடாத பங்கு, வழிகாட்டி மதிப்பு, பத்திரச் செலவு ஒன்றும் இன்றி, மனத்துக்குள்ளேயே இறைவனுக்குக் கோயில் அமைத்து மௌனமாக வழிபட்டவர். அவருடைய பெயரை 'வாய் இலார்' என்று பிரித்து, பேசாதவர் என்று பொருள் சொல்வாரும் உண்டு.

சென்ற பங்குனியில், சித்திரக்குளத்துப் பக்கம் ஒரு கையில் புளியோதரைத் தொன்னையும் மறு கையில் என் பேரனின் பலூனுமாக நான் நசுங்கி நின்றபோது, எங்கள் வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து நின்றார். பரஸ்பரம் வணங்கக் கை இல்லாமையால் தலையை அசைத்துக்கொண்டோம். பல்லக்கு ஒன்று ஆடி ஆடி வந்தது.

"வாயிலார் வராரு பாருங்கோ," என்றார், குரல் நெகிழ. "நம்ம ஊர்க்காரர்."

நெஞ்சார வணங்கினேன். பல்லக்கு எங்களைக் கடந்தது. அவர் விபூதியைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"சித்திரையிலேர்ந்து ரெண்டாயிரம் சேர்த்துக் குடுத்துடுங்கோ சார். கோயில் கிட்டக்க வேற இருக்கோம்."

அடுத்த பல்லக்கு வரும் வரையில் நானும் வாயிலாராகவே நின்றிருந்தேன்.