‘இருந்திருந்தா’ அண்ணன்

ஆரப்பாளையம், புதூர், வில்லாபுரம் என்று மதுரையில் எந்த டீக்கடைக்குப் போனாலும் அவர் அங்கே இருப்பார். வயது ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு பேனாவும் கண்ணாடிக்கூடும். கையில் கடைக்காரர் வாங்கிப் போட்ட தினசரி. அதை அவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. மனை விற்பனை விளம்பரத்தைத் தேடி எடுத்து, அதன்மேல் விரலை ஊன்றி, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு ஆரம்பிப்பார்: “அன்னைக்கு மட்டும் வாங்கிப் போட்டிருந்தா…”

கடைக்காரர் அடுத்த டீக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார். பேச்சு சீக்கிரம் முடியாது என்று அவருக்குத் தெரியும்.

இங்கிலீஷ் வகுப்பில் இதற்கு ‘இஃப் கிளாஸ்’ (if clause) என்று பெயர். டியூஷன் சார் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு நடத்துவார். ஒண்ணாம் நம்பர், நடக்கக்கூடியது: மழை பெய்தால் குடை எடுத்துப் போவேன். ரெண்டாம் நம்பர், நடக்க வாய்ப்பில்லாதது: நான் பறவையாக இருந்தால் பறப்பேன். மூணாம் நம்பர், நடக்காமலே முடிந்துபோனது: ஒழுங்காகப் படித்திருந்தால் பாஸாகியிருப்பேன். மூன்றாவது உதாரணத்தைச் சொல்லும்போது மட்டும் சாரின் பார்வை கடைசி பெஞ்சுக்குப் போகும். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்தான் நம் அண்ணன். முதல் இரண்டு கட்டமும் அவர் மண்டையில் ஏறவில்லை. மூன்றாவதை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷமாக அதில்தான் குடியிருக்கிறார்.

சூத்திரம் எளிது. ‘இஃப்’ இருக்கும் பக்கத்தில் ‘ஹேட்’, கூடவே வினைச்சொல்லின் மூன்றாவது உருவம். மறுபக்கத்தில் ‘வுட் ஹேவ்’, கூடவே இன்னொரு மூன்றாவது உருவம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது சிரமமே இல்லை. ‘வாங்கியிருந்தால் விற்றிருப்பேன்’ என்று ‘இருந்தால்’, ‘இருப்பேன்’ இரண்டும் வீட்டிலேயே புழங்குகின்றன. ஆனால் பேரன் படிக்கும் பள்ளியிலோ பேங்க் மேனேஜர் முன்னாலோ இங்கிலீஷில் எடுத்துவிட வேண்டிய நேரத்தில் அண்ணன் உற்சாகத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிடுவார்: “இஃப் ஐ வுட் ஹேவ் பாட் தட் பிளேஸ், ஐ வுட் ஹேவ் பிகம் எ கோடீஸ்வரன் சார்!” இஃப் பக்கத்தில் ‘வுட்’ வரக்கூடாது என்று பள்ளிக்கூட இலக்கணம் சொல்கிறது. ஆனால் பேச்சில் அமெரிக்கர்களே பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். யாராவது திருத்தினால் அண்ணன் அசரமாட்டார். “ரெண்டு பக்கமும் வுட்டு இருந்தாத்தேன் தம்பி கட்டிலு ஆடாம நிக்கும்.”

நம் ஊரில் கிராமர் என்றாலே ரென் அண்டு மார்ட்டின் புத்தகம்தான். அதில் முதல் ஆளான பி.சி. ரென் ஒரு நாவலாசிரியரும்கூட; 1924-ல் வந்த அவருடைய பாலைவனப் படைவீரர் கதை சினிமாவாகவும் ஓடியது. கிராமர் புத்தகத்தில் ஒரு நாவலாசிரியர் கை வைக்கத் தகுந்த பாடம் ஒன்று உண்டென்றால் அது இந்த மூணாம் நம்பர்தான். ரென் அதைப் பாடமாக எழுதினார். அண்ணன் தினமும் அதில் ஓர் அத்தியாயம் எழுதுகிறார்.

அண்ணனின் அத்தியாயங்கள் பெரும்பாலும் சென்ட் கணக்கில்தான் நடக்கும். 1999-ல் மாட்டுத்தாவணிக்கு பஸ் ஸ்டாண்ட் வந்தது. வருவதற்கு முந்தின வருஷம் அங்கே அவரிடம் ஒருத்தர் இடம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். 2004 ஜூலையில் ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் ஹைகோர்ட் கிளை திறந்தது. அதற்கும் முந்தின வருஷம் அங்கே ஒருத்தர் கேட்டிருக்கிறார். 2019 ஜனவரியில் தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2023 ஜூலையில் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். இரண்டு இடத்துக்கும் அண்ணனிடம் முன்கூட்டியே ஆள் வந்திருக்கிறது. கேட்டுக்கொண்டே இருந்தால் ஒன்று விளங்கும்: அண்ணன் எந்த இடத்தை வேண்டாம் என்கிறாரோ அதைக் குறித்துக்கொண்டுதான் அரசாங்கம் திட்டம் போடுகிறது.

விலையிலும் ஒரு விசேஷம் உண்டு. முதல் தடவை சொல்லும்போது, “சென்ட் அஞ்சாயிரம்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்தாய்ங்க மாப்ள.” இரண்டு வருஷம் கழித்து அதே இடம் மூவாயிரத்துக்கு வந்துவிடும். போன சித்திரையில் கேட்டபோது, “காசு பையக் குடுங்கண்ணே, மொதல்ல பத்திரத்தப் போட்டுக்கங்கன்னு கையப் புடிச்சு இழுத்தாய்ங்க” என்றார். இன்றைய விலையோ சொல்லச் சொல்ல ஏறும். வாங்கும் விலை வருஷா வருஷம் இறங்குவதும் விற்கும் விலை வருஷா வருஷம் ஏறுவதும் மூணாம் நம்பர் இஃப்பில் மட்டுமே நடக்கும். அண்ணனுக்கு இதில் நஷ்டமே கிடையாது.

டீ மாஸ்டர் பையன் குறும்புக்காரன். சும்மா இருக்கமாட்டான்.

“அண்ணே, கீழடிப் பக்கம் எதுவும் வரலையா?”

“ஏன் வரல? சிலைமான் தாண்டித் தென்னந்தோப்பு. என் சகலை தூது விட்டாரு. தண்ணி உப்புன்னு சொல்லி நாந்தேன் வேணாம்னுட்டேன். 2015-ல வந்து தோண்டுறாய்ங்கப்பா! அது நம்ம தோப்பா இருந்திருந்தா…”

“இருந்திருந்தா என்னண்ணே, பானை ஓடுதான கெடைச்சிருக்கும்?”

“ரெண்டாயிரத்து அறுநூறு வருசத்துப் பானை ஓடுடா!”

“அதையும் தொல்லியல்துறைதான் அள்ளிட்டுப் போயிருக்கும்.”

அண்ணன் ஒரு மடக்கு டீ குடித்தார். “அள்ளிட்டுத்தேன் போயிருக்கும். ஆனா இன்னாரு தோப்புன்னு எழுதியிருப்பாய்ங்கள்ல?”

நிலம் தீர்ந்தால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. வாலிபத்தில் வாடிவாசலில் ஒரு காளையின் திமிலைப் பிடித்தவர் அண்ணன். மாடு மூன்று துள்ளல் துள்ளும்வரை விடாமல் பிடித்திருந்தால்தான் பிடிமாடு. இவர் இரண்டாவதில் விட்டுவிட்டார். “இன்னொரு துள்ளு தாங்கியிருந்தா…” அன்றைக்கு அண்டாவும் வேட்டியும்தான் பரிசு. ஆனால் இப்போது முதல் பரிசு கார் என்று ஆனதிலிருந்து அண்ணன் இழந்ததும் காராக மாறிவிட்டது.

இவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. மூணாம் நம்பரின் அழகே அதுதான். ‘பொங்கலுக்குள்ள பணம் வந்தா வட்டியோட தந்துருவேன்’ என்று ஒண்ணாம் நம்பரில் பேசியவரைப் பொங்கல் கழிந்து வீட்டு வாசலில் போய்ப் பிடிக்கலாம். ‘நான் கலெக்டரா இருந்தா’ என்று ரெண்டாம் நம்பரில் பேசும் இளவட்டத்தை, முதலில் டிஎன்பிஎஸ்சி எழுதுடா என்று மடக்கலாம். மூணாம் நம்பரில் பேசியவரை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்த முடியாது. வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. இரண்டும் நடக்கவில்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். அப்புறம் எதைச் சோதிப்பது?

உலக அளவிலும் அண்ணனுக்குக் கூட்டாளிகள் உண்டு. கிளியோபாத்ராவின் மூக்கு கொஞ்சம் குட்டையாக அமைந்திருந்தால் சரித்திரமே வேறு மாதிரி போயிருக்கும் என்பது பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் கட்சி. மூக்கின் அளவை வைத்து ரோம சாம்ராஜ்யத்தையே புரட்டியவருக்குத் தத்துவவாதி என்று பட்டம் கிடைத்தது. சென்ட் அளவை வைத்துத் தன் குடும்பத்தை மட்டும் புரட்டும் அண்ணனுக்கு ஓசி டீதான் கிடைக்கிறது.

ஆனால் மதுரைக்காரரை இந்த விஷயத்தில் குற்றம் சொல்லலாமா? பாண்டியன் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால், சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று முன்னமே உடைத்துப் பார்த்திருந்தால், ஊர் எரிந்திருக்காது. சித்திரைத் திருவிழாவின் கதை இன்னும் பெரிது. தங்கச்சி மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீரோடு மலையிலிருந்து இறங்கிய அழகர், ஆற்றங்கரைக்கு வருவதற்குள் தாலி கட்டி முடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்குக் கொண்டுவந்து இரண்டு விழாவையும் சேர்த்தவர் பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர் என்பது வரலாறு. எது எப்படியோ, அழகர் நேரத்துக்கு வந்திருந்தால் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போயிருப்பார். வைகையில் பல லட்சம் பேர் கூடும் திருவிழா நமக்குக் கிடைத்திருக்காது. ‘வந்திருந்தா’ என்ற ஒரு சொல்லை வைத்து வருஷா வருஷம் பந்தல் போடும் ஊரில், அண்ணன் நடந்ததைப் பற்றி மட்டும் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நியாயம் கேட்க ஒரே ஒரு ஆள் உண்டு. அவர் வீட்டில் இருக்கிறார்.

மாசிடோனியாவின் பிலிப் மன்னன் ஸ்பார்ட்டாவுக்குத் தூது அனுப்பி, நான் உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் ஒருத்தரையும் விட்டுவைக்கமாட்டேன் என்று மிரட்டினானாம். அவர்கள் ஒரே சொல்லில் பதில் அனுப்பினார்கள்: “நுழைந்தால்.” அண்ணியும் ஸ்பார்ட்டாக்காரர்தான். அண்ணன் ஹாலில் உட்கார்ந்து அரை மணிநேரம் மாட்டுத்தாவணியை விற்று முடித்ததும், அடுப்படியிலிருந்து ஒரு குரல் மட்டும் வரும்: “ஆமா. இருந்திருந்தா.”

மற்றபடி அண்ணி பேசுவதெல்லாம் ஒண்ணாம் நம்பர்தான். “ஏங்க, இன்னைக்குக் கரண்டு பில்லு கட்டலைன்னா ஃபீஸப் புடுங்கிருவாய்ங்க.” “கேஸ் சிலிண்டர் வந்தா துட்டு பீரோ மேல இருக்கு.” “இப்பச் சாப்பிட வரலைன்னா எடுத்து மூடிருவேன்.” எல்லாம் அன்றைக்கே நடந்து முடிகிற விஷயங்கள். அந்த வீட்டில் விளக்கு எரிவதும் சோறு வேகுவதும் இதனால்தான். ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் அண்ணன் வாய்தவறி, “அன்னைக்கு உன் செயினக் குடுத்திருந்தா ஒத்தக்கடை இடத்தை முடிச்சிருப்பேன்ல” என்றுவிட்டார். அண்ணி குழம்பு ஊற்றும் கரண்டியை நிறுத்தாமல் சொன்னார்: “குடுத்தேனேங்க. மாசம் ரெண்டு வட்டி தர்றாய்ங்கன்னு அதை வித்து ஒரு பைனான்ஸ்ல போட்டீங்க. அந்த ஆள் இருக்கிற எடம் தெரிஞ்சா சொல்லுங்க, நான் போய்க் கேக்குறேன்.” கடைசி வாக்கியமும் ஒண்ணாம் நம்பர்தான் என்பதை விருந்தாளிகளில் ஒரு டியூஷன் சார் கவனித்தார்.

இப்போது மட்டும் இடம் வராமலா இருக்கிறது? போன மாதம் புரோக்கர் ஒருத்தர் டூவீலரில் அண்ணனைப் பின்னால் ஏற்றி, வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மனையைக் காட்டினார். முப்பதடி ரோடு, டிடிசிபி அப்ரூவல், வில்லங்கம் இல்லை. அண்ணன் இறங்கி நாலாபக்கமும் பார்த்தார். மண்ணை எடுத்துத் தேய்த்தார். கிழக்கே தெருக்குத்து இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “இம்புட்டு வெலைக்கு இந்தக் காட்டுல எவன் வருவான்? கொஞ்சம் எறங்கட்டும், பாப்போம்.”

புரோக்கர் வாதாடவில்லை. “சரிங்கண்ணே” என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் இறக்கிவிட்டார். மறுநாள் அதே மனைக்குத் தன் மனைவி பேரில் அட்வான்ஸ் கொடுத்தார். அவர் தொழில் கற்றதே இப்படித்தான். பத்து வருஷமாக எந்த இடத்தையும் முதலில் அண்ணனிடம்தான் காட்டுகிறார். அண்ணன் உதட்டைப் பிதுக்கிய இடத்தில் மட்டும்தான் சொந்தக் காசைப் போடுகிறார். இதுவரை ஒன்றுகூடச் சோடை போனதில்லை. அந்த நன்றிக்குத் தீபாவளிக்குத் தீபாவளி அண்ணன் வீட்டுக்கு ஒரு கிலோ நெய் அல்வா வந்துவிடும். புரோக்கரிடம் இதற்கு ஒரு கமிஷன் பேசிக்கொள்ளலாம் என்ற யோசனை அண்ணனுக்கு இன்னும் வரவில்லை. வரும், புரோக்கர் தொழிலை விட்டு ஓய்வெடுத்த மறுநாள் கண்டிப்பாக வரும்.