படகு இழுக்க ஒரு பழைய வாகனம்: நிதி அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வாகன இறக்குமதி பற்றி முடிவெடுக்கும் பெரியோர், நிதி அமைச்சு, கொழும்பு.

விடயம்: 18 அடிப் படகொன்றை வருடத்தில் சில தடவை இழுப்பதற்குப் பாவித்த வாகனம் தெரிவுசெய்தல்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

முதலில் நன்றி. மற்ற நாடுகளில் வாகனம் ஓட ஓட விலை இறங்கும். இங்கே 2020 மார்ச்சில் நீங்கள் இறக்குமதிக் கதவைச் சாத்தினீர்கள். தனியார் வாகனங்களுக்கு அதை மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் வாகனங்களுக்கு வயது ஏற ஏற விலையும் ஏறியது. சீதனமாக வந்த காரை ஓட்டித் தேய்த்துவிட்டு, மாமனார் கொடுத்த விலைக்கு மேலாக விற்ற மருமக்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். அவர்கள் நன்றி சொல்ல மறந்திருப்பார்கள். அவர்கள் சார்பில் நான் சொல்லிவிடுகிறேன்.

என்னுடைய அலுவல் சின்னது. வடமராட்சிக் கரையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஃபைபர் படகு, 15 குதிரைவலு எஞ்சினுடன் இருக்கிறது. எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். படகு அப்படி வராது. அன்றாடம் கரையேற்ற நாலு பேரும் சில உருளைக் கட்டைகளும் போதும். ஆனால் ஐப்பசியில் வாடை பெயர்ந்து வடகடல் குமுறத் தொடங்கினால் படகை ஊருக்குள் ஏற்றவேண்டும், அல்லது யாழ்ப்பாண நீரேரிப் பக்கம் கொண்டுபோக வேண்டும். அடி வெடித்தால் ஃபைபர் ஒட்டுபவரிடம் போகவேண்டும். புயல் என்று வானொலி சொன்னால் இரவோடிரவாக ஏற்றவேண்டும். 2024 நவம்பரில் ஃபெங்கல் வந்தது. 2025 நவம்பரில் டித்வா வந்து நாட்டையே புரட்டிப் போட்டது. இந்த நாலைந்து தேவைக்குத்தான் ஒரு பழைய வாகனம் தேடப் புறப்பட்டேன்.

கனடாச் சித்தப்பா விடுமுறைக்கு வந்து நின்றார். கோடையில் சிம்கோ ஏரிக்குப் படகு இழுத்துக்கொண்டு போகிறவர். "தம்பி, யோசியாதை, ஒரு பழைய ஃபோர்ட் எஃப்-150 எடு" என்றார். பிறகு பாடம் நடத்தினார். பின்வண்டியும் படகும் சேர்ந்த மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்களவு இழுவைக் கொழுக்கியில் இறங்கவேண்டுமாம். அதைவிடக் குறைந்தால் வேகத்தில் பின்வண்டி வாலாட்டும். கூடினால் முன்வாகனம் குந்தும். ஓடிச் சூடான சில்லை உடனே கடலுக்குள் விட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி உப்புத் தண்ணீரை உறிஞ்சும், பெயறிங் போய்விடும், ஆகவே கரையில் ஒரு தேத்தண்ணி குடித்து ஆறிய பிறகே இறக்கவேண்டும். இழுக்கிறது பெரிய காரியமில்லை, நிப்பாட்டுறதுதான் பெரிய காரியம், பிறேக்கைப் பார்த்து வாங்கு என்றார். எல்லாம் சரியான பேச்சு. பிறகு வாசலுக்கு வந்து எங்கள் ஒழுங்கையைப் பார்த்தார். பக்கக் கண்ணாடிகளை விட்டாலும் இரண்டு மீற்றர் அகலமான வாகனம் அது. ஒழுங்கையின் ஒரு பக்கம் மதில், மற்றப் பக்கம் கிடுகுவேலி. சித்தப்பா கதையை மாற்றி மாம்பழ விலை கேட்டார்.

ஆகவே உள்ளூரில் கிடைப்பதைப் பார்த்தேன். முதலில் டபுள் கப். ஹைலக்ஸோ எல்200ஓ கிடைத்தால் படகு ஒரு சுமையே இல்லை. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும், ஈர மணலில் புதையாது. ஆனால் உங்கள் கணக்கை நினைத்துப் பார்க்கிறேன். கதவைத் திறந்தபோது 20 வீதச் சுங்கத் தீர்வை, அந்தத் தீர்வையில் பாதி அளவுக்கு ஒரு மேலதிக வரி, வாகனத்தின் வகைக்கேற்ற உற்பத்தி வரி, எல்லாவற்றையும் கூட்டிய தொகைக்கு 18 வீதப் பெறுமதிசேர் வரி. வரிக்கும் வரி கட்டுகிற குடிமக்கள் நாங்கள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் புதியதின் விலை பனை உச்சியில் இருக்கும்போது பழையது எதற்காகக் கீழே இறங்கும்?

தரகர் காட்டிய வாகனங்கள் எல்லாவற்றையும் ஒரு டொக்டர்தான் பாவித்திருந்தார். தப்பினால் ஒரு தொண்டு நிறுவனம். இங்கே விற்பனைக்கு வரும் வாகனங்களை எண்ணிப் பார்த்தால் குடாநாட்டில் வீட்டுக்கு இரண்டு டொக்டர் இருந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளில் ஏன் ஆளில்லை என்று தெரியவில்லை. மீற்றரும் டொக்டரைப் போல அடக்கமாக இருக்கும், எண்பதாயிரம் கிலோமீற்றருக்கு மேல் வாய் திறக்காது. கிளச்சு மிதிகட்டையின் இறப்பர் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து உண்மையைச் சொல்லும்.

உப்புக்காற்றுக்கு டொக்டர், தரகர் என்ற பேதம் கிடையாது. கரையோர வாகனத்தை வாங்குகிறவர் முன்பக்கத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, கீழே படுத்துப் பார்க்கவேண்டும். ஒரு ஸ்குறூ றைவரால் சட்டத்தைக் குத்தினால் இரும்பு இரும்பாக இருக்கிறதா, பிஸ்கற் ஆகிவிட்டதா என்று தெரியும். அடியில் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டலாம். பாரம் இழுக்கும்போது முழு இழுவையும் அந்தச் சட்டத்தில்தான் விழுகிறது; கொழுக்கி வாகனத்தோடு வராமல் படகோடு போய்விட்டால் பிறகு உங்களுக்குக் கடிதம் எழுத நான் இருக்கமாட்டேன்.

அடுத்தது கடதாசி. "ஓப்பின் பேப்பர்" என்று ஒன்று நம் நாட்டில் உலாவுவது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. முதல் சொந்தக்காரர் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்கியவர் பெயரை எழுதாமல் விட்ட படிவம். வாகனம் கைமாறிக் கைமாறி ஏழாம் ஆளிடம் நிற்கும். பதிவுப் புத்தகத்தில் முதலாம் ஆள் இருப்பார். எனக்குக் காட்டிய ஒன்றின் உரிமையாளர் நோர்வேக்குப் போய்ப் பேரப்பிள்ளை கண்டுவிட்டாராம். அந்த வாகனம் யாரையாவது இடித்தால் பொலிஸ் ஒஸ்லோவுக்குத் தபால் போடவேண்டும்.

சரி, சிறிய வாகனம் பார்ப்போம் என்று "பட்டா"விடம் போனேன். இந்தியாவில் 2005 இல் ரரா ஏஸ் என்று வந்து, இங்கே டிமோ பட்டா என்று பெயர் எடுத்து, மரக்கறி, சீமெந்து, கல்யாணக் கதிரை எல்லாம் சுமக்கும் நல்ல பிள்ளை. ஒழுங்கைக்குள் புகும், டீசலும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். ஆனால் அந்தப் பழைய மொடலில் இரண்டு சிலிண்டர், 702 சீசீ, 16 குதிரைவலு. என் படகின் எஞ்சின் 15. இழுக்கிறவருக்கும் இழுபடுகிறவருக்கும் ஒரு குதிரைதான் வித்தியாசம். ஈர மணலில் கட்டிவிட்டால் எது எதை இழுக்கும் என்று பந்தயம் கட்டலாம்.

பழைய ஒஸ்ரின் கார் ஒன்றும் வந்தது, நாங்கள் "சோமசெற்" என்பது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத ஊரில், சில துளி பெற்றோல் விட்டு உறுமவைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய வம்சம் அது. அதையே திரும்பவும் குடிக்கக் கொடுக்கலாம் என்றால், 2022 ஓகஸ்ற்றில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது நினைவுக்கு வந்தது. படகு எஞ்சினும் அதே மண்ணெண்ணெயில்தான் ஓடுகிறது. ஒரு வீட்டில் இரண்டு பேர் குடித்தால் குடும்பம் தாங்காது.

இந்த இடத்தில் ஒரு பழங்கதை. 1930 இல் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். எங்கள் கரையோர மாலுமிகள் ஓட்ட, அது 1938 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. உலகத்தின் மறுபக்கத்துக்குக் கப்பலை இழுத்துப் போகக் காற்று போதுமாக இருந்தது. காற்றுக்கு அப்போது உற்பத்தி வரி இல்லை. அதே வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, 18 அடியை அரைக் கட்டை தூரம் நகர்த்த வழி கேட்டு நான் கொழும்புக்கு எழுதுகிறேன்.

பின்வண்டியின் கதை தனி. வெல்டிங் கடைக்காரர் பழைய கார் அச்சொன்றில் இரும்புக் குழாய் ஒட்டி அழகாகச் செய்து தருவார். படகுக்குக் கடற்றொழில் இலக்கம் உண்டு, முன்வாகனத்துக்கு வீதி இலக்கம் உண்டு. நடுவில் ஓடும் இரண்டு சில்லுக்கு என்ன செய்வது என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "அது வாகனமோ, படகோ?" என்றார்கள். வீதியில் வாகனம், கடலில் படகின் கட்டில் என்றேன். "அப்ப கரையிலேயே வைச்சிருங்கோ" என்று தீர்ப்பு வந்தது.

கடைசியில் விடை எங்கள் கண் முன்னாலேயே புகை விட்டுக்கொண்டு நின்றது. உழவு இயந்திரம். பெரிய சில்லு, தாழ்ந்த கியர், மணலில் புதையாது. பாரத்தோடு மெதுவாகப் போவதால் நிறுத்துகிற கவலையும் குறைவு. வெங்காயத் தோட்டத்துக்காரரின் மசி பேர்குசனை அரை நாள் வாடகைக்குப் பிடித்தால் என் நாலைந்து தேவையும் முடிந்துவிடும். எப்போதாவது இழுக்கிறவனுக்கு, பாவித்ததோ புதியதோ, வாகனம் வாங்குவது மடத்தனம். இதை நான் எந்தத் தரகரிடமும் சொல்லத் தயார்.

ஆனால் பெரியோரே, புயல் எச்சரிக்கை எனக்கு மட்டும் வருவதில்லை. அந்த இரவில் கரை முழுவதும் அந்த ஒரே இயந்திரத்தைத் தேடும். சாரதி முதல் படகை ஏற்றும்போது பத்தாவது படகின் சொந்தக்காரர் இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மயிலிட்டித் துறைமுகத்தின் மூன்றாம் கட்ட வேலையை 2025 செப்ரெம்பரில் ஜனாதிபதி வந்து தொடக்கிவைத்தார். நல்ல காரியம், பெரிய கலங்களுக்கு அது தேவை. ஆனால் எங்கள் சின்னக் கரையில் படகை ஏற்றச் சீமெந்துச் சரிவு ஒன்றுகூட இல்லை.

எனவே என் டபுள் கப் கோரிக்கையை மீளப் பெறுகிறேன். அதற்குப் பதிலாக, கரையோரத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றுக்கும் வரியில்லாமல் ஓர் உழவு இயந்திரமும், கடலுக்குள் இறங்கும் ஒரு சீமெந்துச் சரிவும் தாருங்கள். பாவித்த இயந்திரம் என்றாலும் பரவாயில்லை. டொக்டர் பாவித்ததாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. சங்கத்தின் பெயரில் புத்தகம் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
படகு உள்ள, வாகனம் இல்லாத ஒருவர்,
வடமராட்சி.

பி.கு.: அடுத்த வாடை ஐப்பசியில் தொடங்கும். கோப்பு மேசை மேசையாக நகர எடுக்கும் காலத்தையும் சேர்த்து, பதிலை ஆவணிக்குள் அனுப்பிவைக்கவும்.