வாயில் மறுத்தல்: ஒரத்தநாட்டு மியூசிக் சர்வரின் ஊடல் குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

கூடத்து மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று மியூசிக் சர்வராகப் பணியாற்றுகிறது. அதனுள் நாகஸ்வரக் கலைஞர் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து வீட்டுக்காரரே ஏற்றியது. ஸ்பீக்கர் அதே கூடத்தில். ஆயினும் விடியற்காலையில் தோடி கேட்க வேண்டுமெனில், 'இவருக்கு லைசென்ஸ் உண்டா?' என்று கடல்கடந்த கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டாக வேண்டிய நாள்கள் உண்டு. இதில் ஓடும் ரூன் என்னும் மென்பொருள் 2022-இல் தன் 2.0 பதிப்பை வெளியிட்டபோது இணையத் தொடர்பைக் கட்டாயமாக்கியது. 'லாகின் தோல்வி' என்று திரை சொல்லிவிட்டால் தோடி இல்லை. இத்துயரம் எத்திணைக்குரியது என்பதே இவ்வாய்வின் வினா.

திணை துணிதல்

மருதம் என்க. ஒரத்தநாடு வயல் சூழ்ந்த ஊர். அவ்வயலுக்குப் பாயும் புது ஆற்றுத் தண்ணீர் 1934-இல் நிறைவேறிய மேட்டூர்த் திட்டத்தால் வந்ததாயிற்றே, அதற்குமுன் இது மருதந்தானா என்று ஐயுறுவோர் உளர். மியூசிக் சர்வரும் 1934-க்குப் பின்னர் வந்ததே ஆதலின் அவ்வையம் ஈண்டு வேண்டா.

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். ஊடிய தலைவி தூதாக வந்தவனை உள்ளே விடாமை வாயில் மறுத்தல் எனப்படும். அப்படி விரட்டப்படுபவன் பெரும்பாலும் பாணன். எனவே பாட்டை வாசலில் நிறுத்திவைக்கும் வழக்கத்தை மென்பொருள்காரர் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

அற்றேல், இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் வழிப்போக்கர்க்குச் சோறிட்ட ஊரில் வாயில் மறுத்தல் பொருந்துமோ எனின், பொருந்தும். சத்திரம் வந்தவரை வரவேற்றது. இப்பொறியோ வீட்டுக்காரரையே யார் என்று கேட்கிறது.

முதற்பொருள்: பொழுதும் நிலமும்

இரண்டனுள் பொழுதே தலையாயது. லைசென்ஸ் தரும் கம்ப்யூட்டர் தன்னை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழ் நீட்டும். அதில் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. நம் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைக் காப்பது மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்னும் பொத்தான் பேட்டரி: 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் விட்டம். அது செத்த நிலையில் கரண்ட் போனால் கடிகாரம் பல ஆண்டு பின்னே ஓடிவிடும். இணையத்திலிருந்து நேரம் வாங்கித் திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் அன்றைக்குப் பார்த்து வேலை செய்யாவிடில், எதிரே நிற்கும் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத குழந்தை. பிறக்காதவரோடு பேச்சு வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கதவைச் சாத்தும்.

நிலமாவது, லைசென்ஸ் குடியிருக்கும் பெட்டி. ரூனில் ஒரு லைசென்ஸுக்கு ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான். பழைய பெட்டியை விடுவிக்காமல் புதியதில் நுழைந்தால் அது பரத்தையிற் பிரிவின்பாற்படும், ஊடல் நியாயமே.

கருப்பொருள்

எருமை, தாமரை, நாரை என்பன பழையன. ரவுட்டர், மோடம், யுபிஎஸ் என்பன புதியன. இவற்றுள் ரவுட்டர், பெயரைச் சொன்னால் முகவரி காட்டும் டிஎன்எஸ் வேலையில் அடிக்கடி தடுமாறும். அதற்கு மாற்றாக 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ எழுதிப் பார்ப்பர் அறிந்தோர்.

பாஸ்வேர்டு என்னும் மயக்கம்

ஊடும் தலைவி காரணம் சொல்லாள், திரையும் சொல்லாது. ஆகவே வீட்டார் பாஸ்வேர்டை ஐயுற்று மாற்றுவர், மாற்றியதை மறப்பர், மறந்ததை மீண்டும் மாற்றுவர். இது தவறான சிகிச்சை. அதே கணக்கில் செல்போன் வழியே நுழைந்து பார்க்க. நுழைய முடிந்தால் பாஸ்வேர்டு குற்றமற்றது. செல்போனில் டேட்டாவில் நுழைந்து வீட்டு வைஃபையில் நுழையாவிடில் குற்றவாளி பெரும்பாலும் ரவுட்டர்.

முடிபு

முதலில் கடிகாரம் பார்க்க. அடுத்து ரவுட்டரை அணைத்துப் போடுக. பின்னர்ப் பழைய பெட்டியை விடுவிக்க. பாஸ்வேர்டைக் கடைசியில் தொடுக.

ஃபைபர் கேபிளே அறுந்துபோதல் பிரிவு ஆதலின் பாலை. இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. 'இதோ வந்துகொண்டே இருக்கிறேன்' என்ற லைன்மேனுக்காகக் காத்திருத்தல் முல்லை. அதற்குச் சிறுபொழுது மாலை என்பது இலக்கணம். எந்த நாளின் மாலை என்று எந்த உரையாசிரியரும் வரையறுத்திலர்.