என்னத்தைக் கிழித்தேன்?

டிசம்பர் 31 ராத்திரி எங்கள் வீட்டில் கேக் வெட்டுகிற பழக்கமில்லை. அப்பா ஒரு கேள்வி கேட்பார், அதோடு வருஷம் முடியும்.

"இந்த வருஷம் பெருசா என்னத்தைடா கிழிச்சே?"

இருபது வயதில் இந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. முப்பதில் கோபம் வந்தது. ஐம்பத்தோரு வயதில், போன டிசம்பரில், நிதானமாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால்கூட நான் எதையும் கிழிக்கவில்லை. சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரைக்கூட வேறு யாரோதான் கிழித்து வந்திருக்கிறார்கள். ஆகவே 2026-க்கு ஒரே ஒரு தீர்மானம்: தினமும் காலையில் எழுந்து தேதியைக் கிழிப்பவன் நானாக இருக்கவேண்டும். அடுத்த டிசம்பர் 31-ல் அப்பா கேட்கும்போது, "365 தாள்" என்று நிமிர்ந்து நின்று பதில் சொல்லவேண்டும்.

இதற்கு முன்னால் பெரிய பெரிய தீர்மானங்களாகத்தான் எடுத்துப் பார்த்தேன். ஐந்து மணிக்கு எழுவது, நடப்பது, இந்தி கற்றுக்கொள்வது. எல்லாவற்றுக்கும் ஓசியில் வந்த டைரிகளில் ஆதாரம் இருக்கிறது. ஜனவரி 1-ம் தேதிப் பக்கம் இடம் போதாமல் ஓரத்திலெல்லாம் எழுதியிருக்கும். 2-ம் தேதி பாதிப் பக்கம். 4-ம் தேதியில் "நேற்றுப் போலவே" என்று இரண்டே சொல். அதற்கப்புறம் கையெழுத்து மாறிவிடும். மனைவியின் கோலங்கள் ஆரம்பமாகும். "15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி" என்று மேலே குறிப்பு எழுதி, கீழே மயில், தாமரை, தேர். மார்கழி பூராவும் தெருவே நின்று பார்த்துவிட்டுப் போகிற கோலங்கள் எல்லாம் நான் கைவிட்ட லட்சியங்களில் விளைந்தவைதாம். 2014-ம் வருஷத்து டைரியில் "இனி சர்க்கரையைத் தொடமாட்டேன்" என்ற வரிக்கு நேர் கீழே பொங்கல் பானை பொங்கி வழிகிறது. வேண்டுமென்றே போட்டாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தீர்மானத்தைத் தள்ளிப்போட நம் ஊரில் இருக்கிற வசதி வேறெங்காவது இருக்குமா என்பது சந்தேகம்தான். ஜனவரி 1 தவறினால் தை 1. அதுவும் போனால் கணக்கு எழுதுகிறவர்களின் ஏப்ரல் 1. அதையும் கோட்டைவிட்டால் இரண்டே வாரத்தில் சித்திரை 1. தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-ல் சட்டம் வந்தது. 2011-ல் அந்தச் சட்டம் போய்ச் சித்திரையே திரும்பி வந்தது. இதில் எந்தப் பக்கம் சேருவது என்று பலருக்குக் குழப்பம். எனக்கு இல்லை. எத்தனை புத்தாண்டு வந்தாலும் சம்மதம்.

சரி, கிழிக்க முதலில் காலண்டர் வேண்டுமே. காலண்டரைக் காசு கொடுத்து வாங்குவது எங்கள் உறையூரில் கௌரவக் குறைச்சல். நாம் ஆடிப்பெருக்குக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு காவிரிக்குப் போகிற அதே நாளில், சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்படி ஐந்து மாதம் முன்னாலேயே பிறந்த ஜனவரி, கட்டுக்கட்டாக எங்கள் தெரு மளிகைக் கடைக்கு வந்து இறங்கியதும் அண்ணாச்சியின் சொந்தச் சொத்தாகிவிடுகிறது. அவர் நமக்குக் காலண்டர் தருகிறாரா இல்லையா என்பதை வைத்து, போன வருஷம் நாம் அங்கே எவ்வளவு வாங்கினோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

"அண்ணாச்சி, காலண்டர்?"

"நேத்துதான் தீந்து போச்சு சார்."

அவர் முதுகுக்குப் பின்னால், புளிக் கூடைக்கும் வெல்ல மூட்டைக்கும் நடுவில், செய்தித்தாள் சுற்றிய ஒரு கட்டு. தாள் கிழிந்த ஓட்டை வழியாக முருகனின் மயில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கினேன். மயில் அசையவில்லை. அரை லிட்டர் நல்லெண்ணெய் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்து முழ நீளத்துக்கு மாத லிஸ்டோடு ஒருவர் வந்தார். அவர் வாயே திறக்கவில்லை. சாமான் பையில் காலண்டர் தானாக ஏறி உட்கார்ந்தது.

"அடுத்த மாசத்துலேர்ந்து நாங்களும் லிஸ்டை இங்கேயே குடுத்துடலாம்னு வீட்ல பேசிக்கிட்டிருந்தோம் அண்ணாச்சி" என்றேன். பச்சைப் பொய்.

அண்ணாச்சி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார். "வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சது. பரவால்ல, கொண்டு போங்க." அந்தப் பொய்யை மெய்யாக்க இப்போது மாதாமாதம் அவர் கடையில்தான் லிஸ்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆக, அந்த ஓசிக் காலண்டரைப் போல எனக்குச் செலவு வைத்த காலண்டர் கிடையாது.

ஆனாலும் புதுக் காலண்டரைக் கையில் வாங்குகிற சுகம் இருக்கிறதே! ஜனவரியில் அது புஷ்டியாக இருக்கும், பிறந்த வீட்டில் சீராடிவிட்டு வந்த பெண் மாதிரி. மை வாசனை போயிருக்காது. கட்டை விரலால் ஓரத்தை ஒரு தள்ளு தள்ளினால் வருஷம் முழுக்க விர்ரென்று ஓடி நிற்கும். எல்லோரும் முதலில் பார்ப்பது விடுமுறைப் பட்டியலைத்தான். நாங்களும் பார்த்தோம். தீபாவளி, நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. கொஞ்ச நேரம் வீட்டில் யாரும் பேசவில்லை. ஆகஸ்ட் 15 சனிக்கிழமை என்றதும் மகள் முகம் இன்னும் தொங்கியது. சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற எனக்கு அது லாபம். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருந்தேன்.

தினசரித் தாளைப் போலக் கொஞ்சம் இடத்தில் இத்தனை விஷயம் சொல்கிற இலக்கியம் வேறு உண்டா? ஜனவரி 1, வியாழன், மார்கழி 17, விசுவாவசு வருஷம். ராகு காலம் 1.30 முதல் 3 வரை. சூலம் தெற்கு, பரிகாரம் தைலம். சூலத்தின் அருமை எனக்கு இந்த வருஷம்தான் புரிந்தது. என் அலுவலகம் வீட்டுக்குக் கிழக்கே, காந்தி மார்க்கெட் பக்கம். திங்களும் சனியும் கிழக்கே சூலம், பரிகாரம் தயிர். அந்த இரண்டு நாளும் காலையிலேயே ஒரு கிண்ணம் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதைச் சாப்பாட்டு ஆசை என்று இனி யாரும் சொல்ல முடியாது. மாமியார் வீடு வடக்கே, ஸ்ரீரங்கத்தில். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்று நான் ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்துச் சொன்னேன். "பரிகாரம் பால்னு போட்டிருக்கில்ல? இப்ப குடிச்சீங்களே காபி, அதுல என்ன தண்ணியா இருந்துது?" என்றாள் மனைவி. போய்விட்டு வந்தோம்.

அடியில் ராசிபலன். ராசிக்கு ஒரே சொல். மேஷம் பரிசு, ரிஷபம் அலைச்சல், மிதுனம் செலவு, கடகம் ஓய்வு. நாளைக்குப் பன்னிரண்டு சொல், வருஷத்துக்கு 4,380. இதை உட்கார்ந்து எழுதுகிற மனிதரை ஒருநாள் பார்க்கவேண்டும். நானெல்லாம் நாலு பக்கத்தில் வளவளவென்று எழுதுவதை அவர் "வீண்" என்று முடித்துவிடுவார்.

இனி கிழித்த கதை.

ஜனவரி 1 விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கூடத்துக்குப் போனேன். மேலட்டைத் தாள் போய், 1 என்ற கொழுத்த எண் என்னைப் பார்த்துச் சிரித்தது. யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள். மறுநாள் நாலரைக்கு எழுந்தேன். 2 நின்றுகொண்டிருந்தது. மூன்றாம் நாள் நாலு மணி. சாய்வு நாற்காலியில், காலண்டருக்கு நேர் கீழே, அப்பா. திருச்சியில் மார்கழிக் குளிர் என்பது இருபது டிகிரி. அதற்கே தலையில் மங்கி குல்லா. அவர் தலைக்கு மேலே 3.

"ஏம்ப்பா, அதுக்குள்ள கிழிச்சிட்டீங்களா?"

"நான் ஏண்டா கிழிக்கிறேன்? இன்னும் விடியவே இல்ல. சூரியன் உதிச்சாத்தான் நாளு. இருட்டுல தேதி கிழிக்கிறவன் நானில்ல."

மனைவியைக் கேட்டேன். "எனக்கு வாசல் தெளிச்சுக் கோலம் போடவே நேரமில்ல, இதுல உங்க தேதியை வேற கிழிக்கணுமா?" என்றாள். கோயிலில் வாங்கிவந்த பொங்கலை என் கையில் வைத்தாள். மிளகு கடிபட, நெய் உள்ளங்கையில் வழிய, தொன்னையோடு நின்று அதைத் தின்ற ஐந்து நிமிஷம் நான் காலண்டரை மறந்துபோனேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நாலாம் தேதி ராத்திரி, போர்வையைப் போர்த்திக்கொண்டு இருட்டுக் கூடத்தில் காவல் இருந்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டி ஐந்து நிமிஷம். ப்ளஸ் டூ படிக்கிற மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். போகிற போக்கில், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கறிவேப்பிலை உருவுவது போலச் சர்ரென்று ஒரு கிழி.

"பாப்பா!"

"அய்யோ, அப்பா! பேய் மாதிரி உக்காந்திருக்கீங்க!"

"ஏம்மா கிழிச்சே?"

"பன்னெண்டு ஆயிடுச்சுல்ல? தேதி மாறிடுச்சு. தேர்வுக்கு ஒரு நாள் கொறைஞ்சிடுச்சுன்னு கிழிச்சுட்டுத்தான் தூங்குவேன்."

காலையில் வழக்கு அப்பாவிடம் போனது. நாள் சூரியோதயத்தில்தான் பிறக்கிறது, நடுராத்திரியில் கிழிப்பது வெள்ளைக்காரன் கணக்கு என்றார். பாப்பா விடவில்லை.

"அந்த வெள்ளைக்காரனே அப்பப்ப மாத்தியிருக்கான் தாத்தா. 1751 வரைக்கும் இங்கிலாந்துல மார்ச் 25-தான் வருஷப் பிறப்பு. அடுத்த வருஷத்துலேர்ந்துதான் ஜனவரி 1. அதே 1752-ல செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14-ன்னு வேற சட்டம் போட்டுட்டாங்க."

"நடுவுல பதினோரு நாளு?"

"ஒரே ராத்திரியில கிழிச்சாச்சு."

அப்பா குல்லாவைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அப்படின்னா அவனுங்க பெருசாத்தான் கிழிச்சிருக்கானுங்க" என்றார். சொல்லும்போது என்னை ஒருமுறை பார்த்தார்.

தீர்ப்பு மனைவி சொன்னது. நகைச் சீட்டு கட்டுகிற கடையில் கொடுத்தது ஒன்று, மருந்துக் கடையில் கொடுத்தது ஒன்று, நான் பொய் சொல்லி வாங்கிவந்தது ஒன்று. சுவரில் மூன்று ஆணி. பாப்பா நடுராத்திரியில் கிழிப்பாள். அப்பா சூரியன் வந்த பிறகு, வெந்நீர் வைத்துக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு கிழிப்பார். குளிர் காலத்தில் அதற்கு ஒன்பது மணியாகிவிடும். என்னுடையதை நான் எப்போது வேண்டுமானாலும் கிழிக்கலாம்.

அங்கேதான் வந்தது வினை. போட்டி இல்லாத உரிமைக்காக நாலு மணிக்கு எழ எனக்குப் பைத்தியமா? முதல் வாரத்தில் ஒரு நாள் மறந்தேன், அப்புறம் இரண்டு நாள். பொங்கலுக்குக் கரும்பு கடித்த பல் வலியில் நாலு நாள். சேர்த்துவைத்துக் கிழிப்பதில் ஒரு சுகம் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. நடந்து முடிந்த நாட்களின் பலனை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே கிழிக்கலாம். திங்கள், மிதுனம், அலைச்சல். வாஸ்தவம், பஸ் கிடைக்கவில்லை. செவ்வாய், நட்பு. பக்கத்து சீட்டுக்காரர் இருநூறு ரூபாய் கடன் கேட்டார், அதுவாகத்தான் இருக்கும். புதன், ஜெயம். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் கடைசி வாழைக்காய் பஜ்ஜி எனக்குத்தான் கிடைத்தது என்பது ரொம்ப நேரம் கழித்து ஞாபகம் வந்தது.

ஜனவரி 24, சனிக்கிழமை. காலை எட்டு மணி. தயிர் சாதத்தில் கை வைத்திருந்தேன். சிலிண்டர் போடுகிற தம்பி வந்தார். சிலிண்டரை இறக்கிவிட்டு, புத்தகத்தை விரித்து, பேனா மூடியைப் பல்லால் இழுத்து, "என்ன சார் தேதி இன்னிக்கு?" என்று சுவரைப் பார்த்தார். பாப்பாவின் காலண்டரில் 24. அப்பா இன்னும் குளிக்கவில்லை, ஆகவே 23. என்னுடையதில் 19.

அவர் மூன்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பையிலிருந்து போனை எடுத்துத் தேதி பார்த்து எழுதிக்கொண்டார். போகிறவர் வாசற்படியில் நின்று திரும்பினார்.

"மூணு இருக்கே சார். எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல. ஒண்ணு குடுங்களேன்."

சாய்வு நாற்காலியில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று காலண்டரும் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

"நேத்துதான் தீந்து போச்சுப்பா" என்றார்.