நலம், நலமறிய ஆப்

"எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்கு யாரும் உண்மையான பதில் சொல்லிவிடுவதில்லை. "இருக்கேன்", "ஏதோ ஓடுது", "உங்க புண்ணியத்துல நல்லாயிருக்கேன்" என்ற மூன்றுக்குள் தமிழ்நாடு முழுவதும் அடங்கிவிடும். வேலை போனவரும் "ஏதோ ஓடுது" என்பார், மூன்றாவது மாடி எழுப்பிக்கொண்டிருப்பவரும் "ஏதோ ஓடுது" என்பார். முன்னவர் கௌரவம் கருதி மறைக்கிறார், பின்னவர் கண்ணேறு கருதி மறைக்கிறார். ஆகவே நண்பர்களின் நிலவரம் அறிய விரும்புவோர் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. "புதுசா என்ன ஆப் ஏத்தியிருக்கீங்க?" என்று கேளுங்கள். சொந்த வாழ்க்கையைப் பற்றி வாய் திறக்காத மனிதர், தனக்குப் பிடித்த ஆப்பைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டார். உங்கள் போனையே வாங்கி அதை ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வார். அந்த உற்சாகத்தில் தன் ஜாதகத்தையே வாசித்துக் காட்டிவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது.

ஃபாஸ்டேக் இருப்புப் பார்க்கும் ஆப்பைச் சிலாகிக்கிறாரா, கார் வாங்கிவிட்டார். கடன் மதிப்பெண் பார்க்கும் ஆப்பில் தன் சிபில் எண் எழுநூறைத் தாண்டியதைப் பெருமையாகச் சொல்கிறாரா, கார் இன்னும் வாங்கவில்லை. வாசலில் கூரியர்காரர் வந்தால் போனில் மணியடிக்கும் ஆப்பைக் காட்டுகிறாரா, அடுக்குமாடியில் வீடு வாங்கிவிட்டார், இனி இருபது வருடம் தவணைதான். கல்யாணத் தகவல் ஆப் இருந்தால் விளக்கம் தேவையில்லை, அவரே "சும்மா பார்க்கலாம்னு" என்று ஆரம்பிப்பார். கர்ப்பகால ஆப் இன்னும் வெளிப்படையானது. குழந்தை இந்த வாரம் அவகாடோ அளவு வளர்ந்திருக்கிறது என்று அது அறிவிக்கும். அந்தப் பழத்தைக் கண்ணாலும் கண்டிராத பாட்டி, அது பெரிதா சிறிதா என்று கவலையில் ஆழ்வார். அடுத்து, நடை எண்ணும் ஆப். தினம் பத்தாயிரம் அடி என்று ஒருவர் பேசத் தொடங்கினால் அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்று பொருள். இத்தனைக்கும் பத்தாயிரம் என்ற கணக்கை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற நடைமானியின் பெயரோடு வந்த எண் அது. வயதான பெண்களை வைத்து ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 7,500 அடிக்கு மேல் நடந்தும் ஆயுளில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனாலும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையே மிச்சம் இருநூறு அடியை அளந்துகொண்டிருக்கும் குடும்பத்தலைவரிடம் இதைச் சொல்வது பாவம்.

இது ஏதோ என் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2009-இல் ஜான் கூம் வாட்ஸ்அப்பைத் தொடங்கியபோது அது செய்தி அனுப்பும் ஆப்பே அல்ல. பேச்சில் இருக்கிறேன், உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கிறேன், பேட்டரி தீரப்போகிறது என்று பெயருக்குப் பக்கத்தில் நிலவரம் காட்டுவதற்காக உருவானது. நிலவரம் மாறினால் நண்பர்களுக்குத் தகவல் போகும் வசதி வந்ததும், மக்கள் அதையே அரட்டைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள், ஆப்பும் அவர்கள் வழிக்கு வந்தது. அதைத்தான் 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் விலை பேசி வாங்கியது. இதற்கும் முந்தைய சான்று ஒன்று உண்டு. ஆப்பிளின் ஆப் கடை திறந்து ஒரு மாதம்கூட ஆகாத 2008 ஆகஸ்டில், 'ஐ ஆம் ரிச்' என்றொரு ஆப் விற்பனைக்கு வந்தது. விலை 999.99 டாலர். திறந்தால் திரையில் ஒரு சிவப்புக் கல் மினுக்கும், தொட்டால் தன் பெருமை பேசும் நாலு வரி வரும், அவ்வளவுதான். ஆப்பிள் அதைக் கடையிலிருந்து தூக்குவதற்குள் எட்டுப் பேர் வாங்கிவிட்டார்கள். என் கட்சிக்கு இதைவிடச் சுத்தமான சாட்சி கிடைக்காது. வேறு எந்தப் பயனும் இல்லாமல், வாங்கியவரின் நிலவரத்தை மட்டும் அறிவித்த ஆப் அது. நம்மூரில் இந்த வேலையைக் கழுத்துச் சங்கிலி பார்த்துக்கொள்வதால் யாரும் ஆயிரம் டாலர் தண்டம் அழவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும். பாதி ஆப்களை யாரும் திறப்பதே இல்லையே, திறக்காத ஆப் எதைச் சொல்லும் என்பார்கள். திறக்காத ஆப்தான் அதிகம் சொல்லும் என்பேன். ஜனவரி முதல் வாரம் ஏற்றிய தியான ஆப், பொங்கலுக்கு முன்பே கைவிட்ட ஸ்பானிஷ் மொழிப் பாடம், வரவு செலவு எழுத வைத்து முதல் தேதியின் வாடகையோடு நின்றுபோன கணக்கு ஆப் எல்லாம் அந்த மனிதர் யாராக ஆக விரும்பினார் என்று சொல்கின்றன. நேரில் கேட்டால் இதை எந்த நண்பரும் சொல்ல மாட்டார். கம்பெனிக்காரன் போனோடு சேர்த்துத் தலையில் கட்டிய ஆப்களை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை கம்பெனியின் நிலவரம்.

பெரியவர்கள் போனில் இருப்பதெல்லாம் பிள்ளைகள் ஏற்றிக் கொடுத்தவை, அதில் அவர்கள் வாழ்க்கை எங்கே என்று இன்னொருவர் கேட்கலாம். அங்கேதான் முழு வாழ்க்கையும் இருக்கிறது. கடிகார ஆப்பில் சென்னைக்குக் கீழே நியூ ஜெர்சி இருந்தால் மகன் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. மாத்திரை நேரம் சொல்லும் ஆப்பும் பஞ்சாங்க ஆப்பும் பக்கத்தில் இருக்கும். பணம் அனுப்பும் ஆப் மட்டும் இருக்காது, மோசடிக்காரர்களுக்குப் பயந்து மகள் நீக்கியிருப்பாள்.

உருப்படியான ஆட்சேபம் ஒன்றுதான்: இது அடுத்தவர் அந்தரங்கத்தில் மூக்கை நுழைப்பது. இதை நான் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது, ஏனென்றால் கூகுளே அப்படித்தான் சொல்கிறது. ஒருவர் போனில் என்னென்ன ஆப் இருக்கிறது என்ற பட்டியலையே கூகுள் பிளே விதிகள் தனிப்பட்ட, எச்சரிக்கையாகக் கையாள வேண்டிய தகவலாக வைத்திருக்கின்றன. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், ஓர் ஆப் நினைத்த மாத்திரத்தில் மற்ற ஆப்களின் பட்டியலைப் பார்த்துவிட முடியாதபடி தடை போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஒன்றுமே தெரியாது என்றால் எதற்குத் தடை? ஆனால் அந்தத் தடை ஆப்களுக்குத்தான், சக பயணிகளுக்கு அல்ல. எழும்பூரில் ஏறியவரிடம் செங்கல்பட்டு வருவதற்குள் ஊர், உத்தியோகம், சம்பளம், பெண்ணுக்கு ஏன் இன்னும் வரன் பார்க்கவில்லை என்பது வரை விசாரித்து முடிக்கிற நாம், என்ன ஆப் என்று கேட்பதற்கு மட்டும் கூச்சப்படுவது கொஞ்சம் அதிகம். தவிர, மற்ற கேள்விகளுக்கு முகம் சுளிப்பவர்கூட இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாக நகர்ந்து உட்கார்ந்து ஜன்னலோரம் இடம் கொடுப்பார்.